தேடலா, மின்னஞ்சலா, ரீல்ஸா, விளம்பரமா: எதில் முதலில் கை வைப்பது?

வலைப்பதிவு எழுதுபவரானாலும் இணையத்தில் பொருள் விற்பவரானாலும் கடைசியில் வந்து நிற்கும் கேள்வி ஒன்றுதான். வாரத்தில் கிடைப்பது ஏழெட்டு மணி நேரம், அதை எங்கே போடுவது? பதில் சொல்பவர்கள் அவரவருக்குக் கைகொடுத்த வழியைத்தான் சொல்கிறார்கள். ரீல்ஸ் போட்டு வளர்ந்தவர் ரீல்ஸ் என்பார். எஸ்.இ.ஓ. வேலை, அதாவது தளத்தைத் தேடலில் மேலே கொண்டுவரும் வேலை, செய்து தருபவர் எஸ்.இ.ஓ. என்பார். கோர்ஸ் விற்பவரோ அந்த மாதம் எந்தக் கோர்ஸ் விற்கிறாரோ அதைச் சொல்வார்.

வழிகள் என்று பார்த்தால் நான்கு: கூகுள் தேடலில் மேலே வருவது, மின்னஞ்சல் பட்டியல் சேர்ப்பது, சமூக ஊடகத்தில் விடாமல் பதிவிடுவது, காசு கொடுத்து விளம்பரம் போடுவது. நான்கிலும் ஆள் வருவார்கள். எதற்கு அடுத்து எது என்ற வரிசையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். வழக்கமாக நடப்பது இது: முதலில் இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம், அது சூடு பிடிக்கவில்லை என்றதும் பதிவைக் காசு கொடுத்துப் பலருக்குக் காட்டும் 'பூஸ்ட்' பொத்தான், பிறகு எஸ்.இ.ஓ. தெரிந்த ஆளைத் தேடுவது, எல்லாம் ஓய்ந்த பிறகு 'நியூஸ்லெட்டர் ஒன்று ஆரம்பிக்கலாமா' என்ற யோசனை. இந்த வரிசையை மாற்றிப் போட வேண்டும் என்பது என் கட்சி. மின்னஞ்சல் முதலில், தேடல் அடுத்து, அதன் பிறகு சமூக ஊடகம், விளம்பரம் கடைசியில். இதற்கு விதிவிலக்குகளும் உண்டு.

மின்னஞ்சல் ஏன் முதலில்

ஒருவர் உங்கள் கட்டுரையைப் படிக்கிறார். பிடித்திருக்கிறது. மூடிவிட்டுப் போய்விடுகிறார். அடுத்த வாரம் அவரைக் கூப்பிட வேண்டுமென்றால் உங்களிடம் என்ன இருக்கிறது? பெரும்பாலான தளங்களில் ஒன்றும் இருப்பதில்லை. இந்த நிலையில் தேடலிலிருந்தோ விளம்பரத்திலிருந்தோ ஆயிரம் பேரைக் கொண்டுவந்தாலும் ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றிய கதைதான். அதனால் ட்ராஃபிக்கை, அதாவது தளத்துக்கு ஆள் வருவதை, பற்றி யோசிப்பதற்கு முன்பே முகவரி வாங்கும் படிவம் தளத்தில் இருக்க வேண்டும். இது ஒரு நாள் மாலை வேலை. சந்தாதாரர் பத்தே பேர் இருந்தாலும் பரவாயில்லை.

இரண்டாவது காரணம், பட்டியலைத் தூக்கிக்கொண்டு போக முடியும். மடல் அனுப்பும் நிறுவனம் கட்டணத்தை ஏற்றினால், முகவரிகளை ஒரு கோப்பாக இறக்கி வேறு நிறுவனத்தில் ஏற்றிவிடலாம். சமூக ஊடகத்தில் சேர்த்த ஆட்களை அப்படி நகர்த்த முடியாது. வைன் செயலி 2017 ஜனவரியில் மூடப்பட்டது. கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் பொதுப் பயனர்களுக்கு மூடப்பட்டது. அங்கே லட்சக்கணக்கில் ஃபாலோயர் வைத்திருந்தவர்களால் அந்த ஆட்களை அப்படியே இன்னொரு இடத்துக்குக் கூட்டிப்போக முடியவில்லை.

மின்னஞ்சல் முழுக்க முழுக்க நம் கையில் இருக்கிறது என்று சிலர் சொல்வதும் மிகை. நடுவில் ஜிமெயில் உட்கார்ந்திருக்கிறது. 2013-இல் அது விளம்பர மடல்களுக்கென்று தனி டேப் ஒதுக்கியது. 2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் அனுப்புநர்களுக்கான விதிகளை இறுக்கிவிட்டன. ஜிமெயில் கணக்குகளுக்கு ஒரு நாளில் ஐயாயிரம் மடலுக்கு மேல் அனுப்புபவர்கள் மடல் நிஜமாகவே அந்த அனுப்புநரிடமிருந்துதான் வருகிறதா என்று சரிபார்க்க உதவும் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டி.மார்க் மூன்றையும் தங்கள் டொமைனில் (சொந்த இணைய முகவரியில்) அமைத்திருக்க வேண்டும். ஒரே கிளிக்கில் விலகும் வசதி தர வேண்டும். ஸ்பேம் என்று புகார் செய்பவர்களின் விகிதம் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது. நீங்கள் ஐந்நூறு பேருக்குத்தான் அனுப்புகிறீர்கள் என்றாலும் மூன்றையும் அமைத்துவிடுங்கள். மடல் சேவை தரும் சில வரிகளை டொமைன் வாங்கிய இடத்தில் ஒட்டுவதுதான் வேலை. இலவச ஜிமெயில் முகவரியை அனுப்புநராகப் போட்டு மொத்த மடல் அனுப்பும் பழக்கத்தையும் இத்தோடு விட்டுவிடலாம். சொந்த டொமைன் முகவரி இல்லாமல் இனி அது போய்ச் சேராது.

"எங்கள் நியூஸ்லெட்டரில் இணையுங்கள்" என்று எழுதி வைத்தால் யாரும் இணைய மாட்டார்கள். கூடுதலாக ஒரு மடல் வர வேண்டும் என்று யார்தான் ஏங்குகிறார்கள்? மாடித் தோட்டம் பற்றி எழுதும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். தக்காளிச் செடியின் இலை ஏன் சுருள்கிறது என்ற கட்டுரையின் முடிவில் அவர் இப்படிப் போடலாம்: "விதைத்த நாள் முதல் காய் பறிக்கும் வரை, இலைச் சுருளல் வராமலிருக்க வாரவாரம் என்ன பார்க்க வேண்டும் என்று ஒரு பக்கப் பட்டியல் வைத்திருக்கிறேன். முகவரி தந்தால் அனுப்புகிறேன்." அந்தப் பக்கத்துக்கு வந்தவருக்கு அந்த நேரத்தில் வேண்டியதே அதுதான்.

பட்டியலோடு போகும் முதல் மடலின் கடைசி வரி ஒரு கேள்வியாக இருக்கட்டும்: "இப்போது உங்கள் தோட்டத்தில் உங்களைப் படுத்தி எடுக்கும் பிரச்சினை எது? இந்த மடலுக்கே பதில் எழுதுங்கள்." நூறு பேரில் சிலர்தான் எழுதுவார்கள். அந்தச் சிலரின் வாக்கியங்கள் தேடல் சொற்களைக் கண்டுபிடித்துத் தரும் எந்தக் கீவேர்ட் கருவியும் தராத சரக்கு. "மொட்டு விடுது, ஆனா எல்லாம் கொட்டிடுது" என்று ஒருவர் எழுதினால் அடுத்த கட்டுரையின் தலைப்பு அதிலேயே இருக்கிறது. தேடல் பெட்டியிலும் ஜனங்கள் ஏறத்தாழ அப்படித்தான் தட்டுகிறார்கள். இந்த ஒரு வேலைக்காகவே மின்னஞ்சலைத் தேடலுக்கு முன்னால் வைக்கலாம்.

எத்தனை பேர் திறந்தார்கள் என்ற எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். 2021 செப்டம்பரில் ஆப்பிள் தன் மெயில் செயலியில் கொண்டுவந்த பாதுகாப்பு வசதி, வாசகர் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் மடலிலுள்ள படங்களை முன்கூட்டியே இறக்கிவிடுகிறது. படம் இறங்கினால் மடல் திறந்ததாக எண்ணுவதால், யாரும் படிக்காத மடலும் திறந்த கணக்கில் சேர்ந்துவிடும். கிளிக்கையும் பதிலையும் எண்ணுங்கள்.

"எங்கள் ஆட்கள் மின்னஞ்சலே பார்ப்பதில்லை, வாட்ஸப் போதாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். சில வாசகர் கூட்டங்களில் மின்னஞ்சல் என்பது ஓ.டி.பி.யும் ரசீதும் வரும் இடம் மட்டுமே. அங்கே வாட்ஸப்பை மின்னஞ்சலோடு சேர்த்துப் பயன்படுத்தலாம். ஆனால் அதன் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேருக்கு மேல் சேர்க்க முடியாது. உங்கள் எண்ணைத் தங்கள் போனில் பதிந்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே செய்தி போகும். 2023-இல் வந்த சேனல் வசதியில் இந்த வரம்பு இல்லை, பின்தொடர்பவர்களின் எண்களும் உங்கள் கைக்கு வராது. டெலிகிராம் சேனலிலும் அதே கதைதான். அவை இரண்டும் உருவத்தில் செய்தி அனுப்பும் கருவி, குணத்தில் சமூக ஊடகம்.

தேடல்: மெதுவாக வரும், தங்கும்

தேடலில் வருபவர் தேவையோடு வருகிறார் என்பதுதான் அதன் பலம். ரீல்ஸ் பார்ப்பவர் பொழுதைப் போக்கிக்கொண்டிருக்கிறார். தேடுபவர் ஏதோ ஒன்றைத் தீர்த்துக்கொள்ள வந்திருக்கிறார். விற்பவருக்கு இந்த வித்தியாசம் பெரிது.

பலவீனம், காத்திருக்க வேண்டும். எஸ்.இ.ஓ. ஆளை அமர்த்தினால் பலன் தெரிய நான்கு மாதம் முதல் ஒரு வருடம் வரை ஆகும் என்று கூகுளே 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுக் காணொளியில் சொன்னது. மூன்றே வாரத்தில் முதல் பக்கம் என்று யாராவது உறுதி தந்தால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம். பக்கத்தின் நிரலில் மறைந்திருக்கும் மெட்டா கீவேர்ட் குறிச்சொல்லை நிரப்பித் தருகிறேன் என்று காசு கேட்பவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். தரவரிசைக்கு அதைப் பயன்படுத்துவதே இல்லை என்று கூகுள் 2009-இலேயே அறிவித்துவிட்டது.

இன்னொரு ஆபத்து, கூகுள் விதியை மாற்றும் நாள். 2011 பிப்ரவரியில் பாண்டா என்ற மாற்றம், ஒப்புக்கு எழுதிக் குவித்த தளங்களை இறக்கியது. 2012 ஏப்ரலில் பெங்குயின் என்ற மாற்றம், காசு கொடுத்து வாங்கிய பேக்லிங்குகளை (வேறு தளங்களிலிருந்து வரும் இணைப்புகளை) நம்பியிருந்தவர்களைச் சாய்த்தது. 2022 ஆகஸ்டில் தொடங்கிய 'உதவும் உள்ளடக்கம்' என்ற மாற்றம் 2024 மார்ச்சில் மைய அல்காரிதத்தோடே கலந்துவிட்டது. அதே மார்ச்சில், தேடலை ஏமாற்றுவதற்கென்றே கட்டுரைகளை மொத்தமாக உற்பத்தி செய்வதை ஸ்பேம் பட்டியலில் சேர்த்தார்கள். இயந்திரம் எழுதினாலும் ஆள் எழுதினாலும் ஒன்றுதான். முழுக்க நேர்மையாக எழுதிய சிறு தளங்களும் சில மாற்றங்களில் அடி வாங்கியிருக்கின்றன, அதை மறைக்க வேண்டியதில்லை. முன்பே முகவரி சேர்த்து வைத்திருப்பவர்களுக்கு அப்போதும் பேச ஆள் இருக்கும்.

2024 மே மாதத்திலிருந்து, முதலில் அமெரிக்காவிலும் பிறகு மற்ற நாடுகளிலும், தேடல் முடிவுகளுக்கு மேலேயே ஏ.ஐ. தொகுத்த பதில் வரத் தொடங்கியது. 'அது என்றால் என்ன' வகைக் கட்டுரைகளுக்கு இது கெட்ட சேதி. விடை மேலேயே கிடைத்துவிட்டால் யார் கிளிக் செய்வார்கள்? இனி எழுதத் தகுந்தவை நீங்களே செய்து பார்த்தது, இரண்டு பொருளை வைத்து ஒப்பிட்டது, படம் எடுத்துக் காட்டியது, கணக்குப் போட்டுக் காட்டியது. தொகுத்துத் தரும் இயந்திரத்துக்கும் யாராவது முதலில் செய்து பார்த்திருக்க வேண்டுமே.

பழைய தளம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன், புதுக் கட்டுரை எழுதுவதைவிட லாபமானது. உங்கள் தளம் தேடலில் எப்படித் தெரிகிறது என்று காட்டும் கூகுளின் கருவியான சர்ச் கன்சோலில் 'பெர்ஃபார்மன்ஸ்' அறிக்கையைத் திறங்கள். சராசரி இடம் 8 முதல் 20 வரை உள்ள தேடல் சொற்களை வடிகட்டி, இம்ப்ரெஷன் (தேடலில் காட்டப்பட்ட எண்ணிக்கை) அதிகமாகவும் கிளிக் மிகக் குறைவாகவும் இருப்பவற்றைப் பாருங்கள். நம் தோட்டக்காரரின் அறிக்கையில் 'தக்காளி இலை மேல்நோக்கி மடங்குதல்' என்று ஒரு சொல் இருக்கும். அவர் கட்டுரையில் அதைப் பற்றி ஒரே ஒரு வரி போகிற போக்கில் வந்திருக்கும். கூகுள் அந்த வரியைக் கண்டுபிடித்து, அரைமனதாகப் பக்கத்தைக் காட்டிக்கொண்டிருக்கிறது. அதையே துணைத்தலைப்பாக்கி நான்கு பத்தி எழுதி, சொந்தப் படம் ஒன்று சேர்த்து, தொடர்புடைய இரண்டு பழைய பதிவுகளிலிருந்து இந்தப் பக்கத்துக்கு லிங்க் கொடுத்தால் போதும். கூகுள் ஏற்கனவே உங்களைப் பரிசீலிக்கும் இடம் என்பதால், ஒன்றுமில்லாத இடத்திலிருந்து ஏறுவதைவிட இது எளிது.

தளத்தின் வேகம் பற்றி ரொம்பவும் அலட்டிக்கொள்ள வேண்டாம். முக்கியப் பகுதி 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவு. படங்களைச் சுருக்கி ஏற்றினாலே பெரும்பாலான வலைப்பதிவுகள் அங்கே வந்துவிடும்.

சமூக ஊடகம்

இதில் உழைப்பவர்களைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். யாருக்கும் தெரியாத ஆளைக் காசு செலவில்லாமல் ஒரே நாளில் பலர் கண்ணில் காட்டும் வழி இது ஒன்றுதான். தேடல் அதைச் செய்யாது, மின்னஞ்சலால் செய்யவே முடியாது. யாரும் பெயர் சொல்லித் தேடாத புதுப் பொருளை விற்பவருக்கு வேறு போக்கிடமும் இல்லை.

ஆனால் தளங்களின் ஆசை வேறு, உங்கள் ஆசை வேறு. ஆளை உள்ளேயே வைத்திருக்க அவை நினைக்கின்றன. வெளியே, உங்கள் தளத்துக்கு, கூட்டிவர நீங்கள் நினைக்கிறீர்கள். இன்ஸ்டாகிராம் பதிவின் கீழே எழுதும் லிங்க் கிளிக்கே ஆவதில்லை. ஃபேஸ்புக் 2018 ஜனவரியில் நியூஸ் ஃபீடை மாற்றி, நண்பர்கள், குடும்பத்தினரின் பதிவுகளுக்கு முன்னுரிமை தந்தபோது, பக்கங்களின் பதிவுகள் குறைவாகவே கண்ணில் படும் என்று முன்கூட்டியே அறிவித்துத்தான் செய்தது. அதோடு, ஒரு பதிவின் ஆயுள் ஒன்றிரண்டு நாள். இரண்டு வாரம் ஊருக்குப் போய்விட்டு வந்தால் எண்கள் சரிந்திருக்கும்.

ஆகவே ஒரே ஒரு தளம் போதும். நான்கில் கணக்கு திறந்து நான்கிலும் அரைகுறையாக இருப்பதில் பயனில்லை. இருப்பதில் யூடியூபை நான் தனியாகத்தான் பார்க்கிறேன். அங்கே ஆட்கள் தேடியும் வருகிறார்கள், மூன்று வருடம் முந்தைய காணொளியும் இன்றைக்கு ஆளைக் கொண்டுவரும். பேசவும் காட்டவும் கூச்சமில்லாதவர்கள் அதைத் தேடல் கணக்கில் சேர்த்து, எழுதும் நேரத்தில் பாதியை அதற்குக் கொடுக்கலாம்.

விளம்பரம்: கணக்குத் தெரிந்த பிறகு

கூகுள் 2000 அக்டோபரில் தன் விளம்பரத் திட்டத்தை 350 விளம்பரதாரர்களோடு தொடங்கியது. இப்போது அதுவொரு பெரிய ஏலக் கூடம். ஆனால் அங்கே அதிக விலை கேட்பவர் மட்டும் ஜெயிப்பதில்லை. தேடிய சொல்லுக்கும் விளம்பரத்துக்கும் பொருத்தம் இருக்கிறதா, கிளிக் செய்து இறங்கும் பக்கம் உருப்படியாக இருக்கிறதா என்பதையும் சேர்த்தே இடம் தருகிறார்கள். பொருத்தமான விளம்பரத்துக்கு அதே இடம் குறைந்த விலையில் கிடைக்கும்.

தொடங்கலாமா என்று முடிவு செய்ய ஒரே கணக்குப் போதும். உங்கள் விற்பனைப் பக்கத்துக்கு வரும் நூறு பேரில் இரண்டு பேர் வாங்குகிறார்கள் என்றால், ஒரு விற்பனைக்கு ஐம்பது கிளிக். ஒரு விற்பனையில் நிற்கும் லாபம் ஐம்பது கிளிக்கின் விலையைத் தாண்டுகிறதா? தாண்டினால் போடுங்கள். தாண்டவில்லையென்றால் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக விளம்பரம் செய்தாலும் நஷ்டம்தான். நூறில் எத்தனை பேர் வாங்குகிறார்கள் என்பதே தெரியாதென்றால், அதைத் தெரிந்துகொள்ளும் மலிவான வழி தேடலிலிருந்தும் மின்னஞ்சலிலிருந்தும் வரும் ஆட்கள்தான். விளம்பரத்தை நான் கடைசியில் வைப்பதற்குக் காரணம் இதுவே. ஒருமுறை வாங்கியவர் திரும்பவும் வாங்கும் தொழிலென்றால் கணக்கு இன்னும் தாராளமாகும். முதல் விற்பனையில் கையைக் கடித்தாலும் தாங்கும்.

தேடல் விளம்பரம் போட்டவர்கள் முதல் வாரமே திறந்து பார்க்க வேண்டியது, ஆட்கள் உண்மையில் என்ன தட்டித் தேடினார்கள் என்று காட்டும் 'சர்ச் டேர்ம்ஸ்' அறிக்கை. கேமரா பயிற்சி வகுப்பு நடத்துபவர் 'கேமரா பயிற்சி' என்ற சொல்லைப் பிராட் மேட்சில் (தொடர்புடைய தேடல்களுக்கெல்லாம் விளம்பரம் காட்டும் அமைப்பில்) விட்டுவிட்டால், 'இலவச கேமரா பயிற்சி', 'கேமரா பழுது பார்க்கும் பயிற்சி', 'கேமராமேன் வேலை' என்று தேடியவர்களின் கிளிக்குக்கும் காசு கொடுத்துக்கொண்டிருப்பார். 'இலவச', 'பழுது', 'வேலை' மூன்றையும் நெகட்டிவ் பட்டியலில் (விளம்பரம் காட்டக் கூடாத சொற்களின் பட்டியலில்) சேர்க்க இரண்டு நிமிடம் ஆகும். அந்த அறிக்கையைத் திறக்காமல் மாதக்கணக்கில் காசு கட்டுபவர்கள்தான் 'விளம்பரமெல்லாம் வேஸ்ட்' என்று சொல்லிக்கொண்டிருப்பது.

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரத்தில் சிறு தொழிலுக்கு இன்னொரு சங்கடம். யாருக்குக் காட்டினால் வாங்குவார்கள் என்று அந்த அமைப்பு கற்றுக்கொள்ள, ஒரு வாரத்தில் விற்பனை போன்ற பலன்கள் சுமார் ஐம்பது வேண்டும் என்று இரண்டுக்கும் சொந்தக்கார நிறுவனமான மெட்டாவே சொல்கிறது. வாரம் ஐந்து விற்பனை நடக்கும் கடையால் அதைத் தர முடியாது. 2021 ஏப்ரலில் ஆப்பிள், செயலிகள் ஆளைப் பின்தொடர அவரிடம் அனுமதி கேட்டே ஆக வேண்டும் என்று கட்டாயமாக்கிய பிறகு, எந்த விளம்பரத்தால் எந்த விற்பனை என்று சொல்வதும் கடினமாகிவிட்டது. இங்கே விற்பனைக்குப் பதிலாக முகவரி வாங்குவதற்கு விளம்பரம் போடுவது சிறு கடைக்குச் சரிப்பட்டு வரும். முகவரி தருபவர்கள் வாங்குபவர்களைவிட அதிகம் என்பதால் அமைப்பும் சீக்கிரம் கற்றுக்கொள்ளும். பூஸ்ட் பொத்தான் பக்கம் போகவே வேண்டாம். லைக் வரும், வேறொன்றும் வராது.

யார் வரிசையை மாற்றலாம்

தன் பக்கத்தில் மற்றவர் விளம்பரத்தைக் காட்டி, கூகுளின் ஆட்சென்ஸ் போன்றவற்றால் வரும் வருமானத்தை மட்டும் நம்பும் வலைப்பதிவருக்கு நான்காவது வழி, அதாவது காசு கொடுத்து விளம்பரம் போடுவது, கிடையவே கிடையாது. ஒரு ஆளைக் காசு கொடுத்துக் கூட்டிவர ஆகும் செலவு, அவர் பார்க்கும் பக்கத்தால் வரும் வருமானத்தைவிட ஏறக்குறைய எப்போதுமே அதிகம். அவருக்குத் தேடல்தான் பிழைப்பு, மின்னஞ்சல் காப்பு.

மொழிபெயர்ப்பு, கணக்கு வழக்கு, வடிவமைப்பு என்று சேவை விற்பவருக்கு வருடத்துக்கு இருபது வாடிக்கையாளர் வந்தாலே நிறைவு. ஒரு வாடிக்கையாளரின் மதிப்பு பெரிது என்பதால் ஐம்பது கிளிக் கணக்கு சுலபமாகத் தேறும். தேடல் விளம்பரத்தை இவர் இரண்டாம் இடத்துக்கே கொண்டுவரலாம். எஸ்.இ.ஓ.வுக்காக நாற்பது கட்டுரை எழுதிக் காத்திருப்பது இவருக்கு அனாவசியம். நல்ல சேவைப் பக்கங்கள் நான்கைந்து போதும்.

கைவினைப் பொருள், புது மாதிரியான பரிசுப் பொருள் விற்பவர்களுக்குத் தேடலும் சமூக ஊடகமும் இடம் மாறும். கண்ணில் பட்டால்தான் அப்படியொன்று இருப்பதே தெரியும் என்ற பொருளை யார் தேடுவார்கள்? பயிற்சி வகுப்பும் மின்னூலும் விற்பவர்களுக்கு என் வரிசை அப்படியே பொருந்தும், ஒரு மாற்றமும் வேண்டாம்.

எந்த வழியை எடுத்தாலும், ஆர்டர் படிவத்தில் "எங்களைப் பற்றி எப்படித் தெரிய வந்தது?" என்று ஒரு காலிப் பெட்டி வையுங்கள். தேர்ந்தெடுக்கும் பட்டியலாக வேண்டாம், அவர்களே தட்டட்டும். தளத்துக்கு யார் எங்கிருந்து வருகிறார்கள் என்று எண்ணும் அனலிடிக்ஸ் கருவி 'டைரக்ட்' (நேரடியாக வந்தவர்) என்று காட்டும் ஆளில் பலர், தோழி அனுப்பிய வாட்ஸப் செய்தியிலிருந்தும், முன்பு எப்போதோ படித்த கட்டுரையின் நினைவிலிருந்தும் வந்தவர்கள். அந்தப் பெட்டியில் ஐம்பது பதில் சேர்ந்ததும் உட்கார்ந்து படித்துப் பாருங்கள். நான் மேலே சொன்ன வரிசை உங்கள் தொழிலுக்குப் பொருந்துகிறதா, எதை முன்னே நகர்த்துவது, எதைக் கைவிடுவது என்று உங்கள் வாடிக்கையாளர்களே எழுதி வைத்திருப்பார்கள்.